மந்தைவெளித் தராசு

மந்தைவெளி என்றதும் நமக்குப் பேருந்து நிலையமும் பறக்கும் ரயிலும்தான் நினைவுக்கு வரும். பெயரைப் பிரித்துப் பாருங்கள். மயிலாப்பூர்க்காரர்களின் ஆடுமாடுகள் மேய்ந்த வெளி அது. இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பக்கத்துக் கறிக்கடை ஒன்றின் முன்னால் வரிசையில் நின்றபோது மந்தையின் மிச்சம் ஒன்று கண்ணில் பட்டது. கொக்கியில் தொங்கிய உரித்த ஆட்டின் வால்நுனியில் ஒரு கொத்து மயிரைக் கடைக்காரர் விட்டுவைத்திருந்தார். சுட்ட செங்கல்லின் நிறம். குட்டையாக, படிந்து, கம்பளியின் சாயலே இல்லாத மயிர்.

“எந்த ஊர் ஆடு பாய்?”

“செம்மறி சார். செங்கல்பட்டுப் பக்கம். ஆறு மாசக் குட்டி, உசுரு எடை பதினஞ்சு நின்னுச்சு. இந்த வயசுல பதினஞ்சு லேசுல கெடைக்காது. அதே பட்டியில அதே வயசுக் குட்டி பதினொண்ணுதான் இருந்துது. நல்லதாப் பாத்து இத மட்டும் புடிச்சாந்தேன்.”

அவர் சொன்ன அந்த நான்கு கிலோவைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல், ஒரே வயது. ஒரு குட்டி பதினைந்து, இன்னொன்று பதினொன்று. இந்த வித்தியாசம் ஆட்டின் உடம்பில் எங்கே எழுதியிருக்கிறது? அதில் எவ்வளவு அதன் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும்? நல்லதை எல்லாம் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டால் பட்டியில் மிஞ்சுவது என்ன?

முதலில் அந்த ஆடு யார் என்று தெரிந்துகொள்வோம். நம் ஊரின் பெயரையே தாங்கிய இனம் அது. ஆய்வேடுகளில் மெட்ராஸ் ரெட், தமிழ்க் கையேடுகளில் சென்னை சிவப்பு, வளர்ப்பவர்களுக்கு வெறும் செம்மறி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களும் சென்னையின் விளிம்புகளும் அதன் தாயகம். நிறம் வெளிர் பழுப்பிலிருந்து அடர்சிவப்பு வரை போகும். சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் வெள்ளை இருக்கும். தொங்கு காது, குட்டை வால். கிடாவுக்கு வரிவரியாக முறுக்கிய கொம்பு. பெட்டைக்குக் கொம்பு இல்லை. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை சுமார் 23 கிலோ.

ஐரோப்பிய இறைச்சி இனங்களில் 100 கிலோவைத் தாண்டும் கிடாக்கள் உண்டு. அவற்றோடு வைத்துப் பார்த்தால் நம் ஆடு சின்ன ஆடுதான். ஆனால் சித்திரை வெயிலில், ஏரி உள்வாயிலும் மேய்க்கால் புறம்போக்கிலும், இப்போது மனைக்கற்களுக்கு நடுவிலும் முளைத்த புல்லைத் தேடி நாள் முழுக்க நடக்கிற பிராணிக்கு 100 கிலோ உடம்பு பெரும் சுமை. சிறிய உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும்; கோடையில் கிடைக்கும் கொஞ்சத் தீனியில் தாக்குப்பிடிக்கும். சென்னை சிவப்பின் சிற்றுடலைக் குறையாக நினைக்கிறவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட்டதில்லை. நமக்கு வேண்டியது 100 கிலோ ஆடு இல்லை. பதினொன்றாக நிற்கிற குட்டிகள் பன்னிரண்டு, பதின்மூன்று என்று மேலே வர வேண்டும். அதுவே ஒரு பட்டிக்காரரின் வீட்டுக் கணக்கை மாற்றிவிடும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருந்தன. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு, கச்சைக்கட்டி கருப்பு, நீலகிரி என்று பல இனங்கள். அநேகமாக எல்லாமே சொந்த நிலம் அதிகம் இல்லாதவர்களின் கையில்.

செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில் அடைந்தாலும் உள்ளே வேறு வேறு. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம்கள், செம்மறிக்கு 54. அந்த 27 ஜோடிகளில் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் ஒரு தொகுதிக்குச் சுமார் 260 கோடி. எழுத்து வகை நான்குதான். இரண்டு செம்மறிகளின் புத்தகத்தை அருகருகே வைத்துப் படித்தால் பெரும்பகுதி வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். மரபு வேறுபாடு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஒற்றை எழுத்து மாற்றங்கள்தான். சில இடங்களில் ஒரு துண்டு கூடுதலாகச் செருகியிருக்கும். சில இடங்களில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும்.

அந்தக் கறிக்கடை வால்மயிரையே எடுத்துக்கொள்வோம். மனிதன் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் செம்மறியைப் பழக்கியபோது அதன் உடம்பில் இன்றைய கம்பளி இல்லை, முரட்டு மயிர்தான். கம்பளி பின்னால் வந்தது. கம்பளி ஆட்டையும் மயிர் ஆட்டையும் பிரிக்கும் முக்கிய மாற்றம் ஒரு மரபணுவின் வால்பகுதியில் செருகிக்கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு என்று 2017இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு செருகல், பெரிய விளைவு. அடையாறில், சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மயிர் ஆட்டின் தோல் இறுக்கமானது, நெருக்கமான இழை கொண்டது. கையுறைக்கும் மெல்லிய உடுப்புக்கும் அதைத் தேடி வாங்குவார்கள். கம்பளி ஆட்டின் தோல் தளர்ந்து நிற்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் கடல் கடந்து போன காலத்திலும் சரி, 1948இல் அந்த நிறுவனம் தொடங்கிய பின்னும் சரி, நம் ஆட்டின் மயிரும் தோலும் சேர்ந்தே ஒரு தொழிலை வாழவைத்திருக்கின்றன.

மயிரா கம்பளியா என்ற கேள்விக்கு இப்படி ஒரு நேரான விடை கிடைத்ததும், எடைக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தேடத் தோன்றும். விஞ்ஞானிகளும் தேடினார்கள். மூன்று முறை பெரிய மீன் மாட்டியது.

முதலாவது, அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1983இல் பிறந்த ஒரு கிடா. சாலிட் கோல்ட் என்று பெயர் வைத்தார்கள். பின்தொடையும் முதுகும் பயில்வானைப் போலத் திரண்டு நின்றன. அதன் குட்டிகளில் சில பிறக்கும்போது சாதாரணமாக இருந்து, சில வாரங்களில் அதே மாதிரித் திரண்டன. 2002இல் காரணம் அகப்பட்டது: 18ஆம் குரோமோசோமில், இரண்டு மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெட்டவெளி என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது வேலை செய்யும் விதம்தான் அதிசயம். அந்த எழுத்து தகப்பனிடமிருந்து வந்து, தாயிடமிருந்து சாதாரண எழுத்து வந்தால் மட்டுமே சதை திரளும். தாயிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. இருவரிடமிருந்தும் வந்தால் அப்போதும் ஒன்றும் ஆகாது. இரட்டைப் பங்கு வாங்கிய குட்டி வெறுங்கையோடு நிற்கும்! இது தெரியவந்தபோது மரபியல் பாடப்புத்தகங்களில் ஒரு புதிய பக்கம் சேர்ந்தது. கசாப்புக்கடையில் மட்டும் அந்த ஆடு எடுபடவில்லை. சதை அதிகம், கொழுப்புக் குறைவு, ஆனால் முதுகுக்கறி வேகாமல் சவசவவென்று கடினமாக இருந்தது. சதையைச் சதையாகவே கட்டிக்காக்கும் புரதம் அதில் அதிகம். வெட்டிய பின் கறி தானாக இளகுவதையும் அதே புரதம் தடுத்துவிட்டது.

இரண்டாவது, நெதர்லாந்தின் டெக்ஸல் தீவுப் பெயரைக் கொண்ட ஆடு. சதை அளவுக்கு மீறி வளராமல் பார்த்துக்கொள்ளும் கடிவாளமாக ஒரு புரதம் முதுகெலும்புள்ள விலங்குகளில் உண்டு. மயோஸ்டாட்டின் என்று பெயர். டெக்ஸலில் அந்தப் புரதத்தின் எழுத்துகள் பிழையின்றி இருக்கின்றன. மரபணுவில் புரதத்தின் செய்முறை முடிந்த பிறகு வரும் வால்பகுதியில் ஜி என்ற எழுத்து ஏ ஆகியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தால், தசைக்குள் உலவும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்குகள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்து, புரதம் தயாராவது குறைகிறது; கடிவாளம் தளர்கிறது. 2006இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு இதை வெளியிட்டது.

மூன்றாவது, எடையை அல்ல, குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அதன் வேர் நம் நாட்டில். சுந்தரவனத்துச் சேற்றில் மேயும் கரோல் என்ற குள்ள ஆடு ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். 1790களின் தொடக்கத்தில் வங்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகளின் வழியே அந்தக் குணம் அங்குள்ள புரூலா மெரினோக்களுக்குள் புகுந்தது. 2001இல் காரணமான எழுத்து மாற்றம் 6ஆம் குரோமோசோமில் கிடைத்தது. ஒரு பிரதி இருந்தால் ஈற்றுக்கு ஏறத்தாழ ஒரு குட்டி கூடும். மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலின் அந்த மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கிப் பட்டிக்காரர்களுக்குக் கொடுத்தது. எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் ஒரு மடியின் பாலை இரண்டு குட்டிகள் பங்குபோடுவதால் ஒவ்வொன்றும் இளைத்துத்தான் வளரும். கூடுதல் தீனி கொடுக்க முடிகிறவர்களுக்கே லாபம் முழுதாகக் கைக்கு வரும்.

இந்த மூன்று கதைகளையும் படித்துவிட்டு நம் பதினைந்து கிலோக் குட்டியின் டி.என்.ஏ.வைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். சாதாரணப் பட்டியில் சாதாரணக் குட்டிகளுக்கு இடையே உள்ள எடை வித்தியாசத்தை இப்படி ஒற்றை எழுத்து விளக்கிவிடுவதில்லை.

ஏன் என்று புரிய தி. நகருக்குப் போனால் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் பிள்ளைக்குச் சட்டை எடுக்கும் அம்மா, “வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க” என்பார். எவ்வளவு வளரும் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் உயரத்தையும் தாய்மாமன் உயரத்தையும் மனதில் வைத்து ஒரு மதிப்பு போடுகிறார். அந்த உயரத்தைப் பற்றி 54 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளைத் திரட்டி 2022இல் ஓர் ஆய்வு வந்தது. மனித உயரத்தோடு தொடர்புள்ள மாற்றங்களாக அது கண்டவை 12,111. ஒவ்வொன்றின் பங்கும் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். ஆட்டின் வளர்ச்சியும் அப்படிப்பட்டதே. வளர்ச்சி ஹார்மோன், ஈரலிலிருந்து வரும் அதன் தூதன், பசியை அடக்கும் லெப்டின், எலும்பு நீளும் வேகம், குடலின் உறிஞ்சும் திறன், குடற்புழுவைத் தாங்கும் சக்தி என்று எத்தனையோ பொறிகள் சேர்ந்து இழுக்கும் தேர் அது. எந்தச் சங்கிலியில் எந்தக் கை தேரை நகர்த்தியது என்று தனியாகக் காட்ட முடியாது.

சில இடங்கள் கொஞ்சம் பலமாக இழுக்கின்றன. எல்.சி.ஓ.ஆர்.எல். என்ற பெயருடைய மரபணுவும் அதன் பக்கத்து வீட்டு மரபணுவும் இருக்கும் பகுதி மனித உயரத்திலும், குதிரையின் உயரத்திலும், மாட்டின் எடையிலும், செம்மறியின் உடலளவிலும் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. அந்தந்த விலங்கை ஆய்ந்தவர்கள் தனித்தனியாகத் தேடிப் போய் ஒரே வாசலில் சந்தித்த மாதிரி. செம்மறியின் புத்தகத்தில் சுமார் 50,000 இடங்களை ஒரே வீச்சில் படிக்கும் சில்லு வந்த பிறகுதான் இப்படித் தேடுவது சாத்தியமாயிற்று. 2012இல் உலகின் 74 இனங்களைச் சேர்ந்த 2,819 செம்மறிகளை அந்தச் சில்லில் படித்து ஓர் உலக வரைபடமே போட்டார்கள்.

அதற்கு முன்னும் இப்போதும் சிறிய ஆய்வுக்கூடங்களில் நடப்பது வேறு மாதிரி வேலை. ஆட்டின் கழுத்துச் சிரையில் சில மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து தடவிய குழாயில் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். டி.என்.ஏ.வைப் பிரித்து, சந்தேகத்துக்குரிய ஒரு மரபணுவின் ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதியெடுத்து, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதியை அதில் விடுவார்கள். பிறகு பாசிக்கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சினால் துண்டுகள் அளவுக்கேற்ப ஓடும். விளக்கை அணைத்துப் புறஊதா ஒளியில் பார்க்கும் கணம் அழகானது: இருட்டில் ஆரஞ்சு நிறக் கோடுகள். ஓர் ஆட்டுக்கு ஒரு கோடு, இன்னொன்றுக்கு இரண்டு, வேறொன்றுக்கு மூன்று. தகப்பன் தந்த எழுத்தும் தாய் தந்த எழுத்தும் வெறும் கண்ணுக்குத் தெரியும் இடம் அது. 1903இல் தொடங்கிய, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பல தலைமுறை மாணவர்கள் இந்தக் கோடுகளை எண்ணியே பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் “இந்த மரபணுவில் ஏபி வகை ஆடு எடை கூடுதல்” என்று நூறு இருநூறு ஆடுகளை வைத்து முடிவு சொல்லும்போது கவனம் வேண்டும். ஒரே நல்ல கிடாவின் பிள்ளைகள் அந்தப் பட்டியில் அதிகமாக இருந்தால், அந்தக் கிடாவிடம் இருந்த எந்த எழுத்தும் எடையோடு தொடர்புள்ளதாகவே தெரியும். அடுத்த பட்டியில் அதே கணக்கைப் போட்டால் தொடர்பு கரைந்துபோகும். இப்படிக் கரைந்துபோனவை உலகெங்கும் ஏராளம்.

கோடுகளைவிடத் தராசை நம்பும் வேலையும் உண்டு. பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கம் இருக்கிறது. பூந்தமல்லி வழியில் உள்ள காட்டுப்பாக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை அங்கே இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் செம்மறி மேம்பாட்டுத் திட்டத்தில் சென்னை சிவப்புக்கான பிரிவும் அங்கேதான். அதன் வேலை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஊர்ப் பட்டிகளில் நடக்கிறது: பிறந்த குட்டிக்குக் காதுவில்லை போடுவது, பிறந்தபோதும் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் எடை பார்ப்பது, நல்ல கிடாக்களைத் தேர்ந்து பட்டிகளுக்குப் பொலிகிடாவாகக் கொடுப்பது.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விடிகாலை, ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் எடை பார்ப்பதை நின்று பார்த்தேன். வேப்பமரக் கிளையில் தொங்கு தராசு. சாக்கில் நான்கு ஓட்டை போட்டுத் தைத்த தொட்டில். ஓட்டைகளில் கால்கள் தொங்க, குட்டி ஆச்சரியத்தோடு அந்தரத்தில் நின்றது. முள் ஆடி அடங்கப் பொறுமையாகக் காத்திருந்து படித்தார்கள். மூன்று மாதக் கிடாக்குட்டி, பதினொன்றரை. குட்டிகளை அடைக்கும் கொடாப்புக்குள்ளிருந்து எடுத்த இன்னொன்று எட்டே முக்கால். பட்டிக்கார அம்மா, அறுபதைத் தாண்டியவர், என்னிடம் சொன்னார்: “ரெண்டும் ஒரே கிடாவுக்குப் பொறந்ததுதான் தம்பி. இதோட ஆத்தாளுக்குப் பால் சொரப்பு அதிகம். அது தலையீத்துக் குட்டி, மடியே கையளவு. எல்லாம் பால்லதான் இருக்குது.”

புள்ளியியல் நூல்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். பால் மறக்கும் வயது வரை குட்டியின் எடையில் தாயின் பங்கு மிகப் பெரியது. தாய்க்கு எத்தனையாவது ஈற்று, ஒற்றைக் குட்டியா இரட்டையா, மழைக்குப் பின் பச்சை கிடைக்கும் காலத்தில் பிறந்ததா கோடையில் பிறந்ததா, ஆணா பெண்ணா என்று எல்லாம் தராசு முள்ளைத் தள்ளும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு, குட்டிகளிடையே உள்ள வேறுபாட்டில் மரபு வழியே போகும் பங்குக்கு மரபுத்திறன் என்று பெயர். செம்மறிகளின் எடைக்கு அது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை இருக்கும். கறிக்கடைக்காரர் சொன்ன நான்கு கிலோ போன்ற வித்தியாசத்தில், சராசரியாகப் பார்த்தால், பெரும்பங்கு பாலும் புல்லும் அதிர்ஷ்டமும், மீதிதான் எழுத்து.

அந்தச் சிறு மீதியை வைத்து என்ன செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டியில் மூன்று மாதச் சராசரி எடை 10 கிலோ, மரபுத்திறன் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் 12 கிலோ இருந்த கிடாக்களை மட்டும் பொலிக்கு விட்டு, பெட்டைகளைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், பெற்றோரின் கூடுதல் சராசரியாக 1 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிராம், அடுத்த தலைமுறையின் சராசரியில் ஏறும். சின்னத் தொகைதான். ஆனால் வட்டி போல ஏறும்; ஏறியது எளிதில் இறங்காது.

இப்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். வியாபாரி வருகிறார். ஆடி வருகிறது, தீபாவளி வருகிறது, நகரத்தில் ஒவ்வொரு வாரமும் ஞாயிறு வருகிறது. எடை நிற்கும் கிடாக்குட்டிக்குத்தான் நல்ல விலை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அதுதான் உடனே காசாகும். முதலில் போவது அது. மிஞ்சி நின்ற, சராசரியாக 9 கிலோவே இருந்த கிடாக்கள் பட்டியிலேயே வளர்ந்து பெட்டைகளோடு சேர்கின்றன. பெற்றோர் சராசரி அரை கிலோ கீழே. அடுத்த தலைமுறை 100 கிராம் கீழே. யாரும் திட்டமிடவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிக்கும் மற்றத் தொட்டிகளுக்கும் வண்டி ஏறும் ஒவ்வொரு நல்ல குட்டியும், வேகமாக வளரும் எழுத்துகளில் கொஞ்சத்தைப் பட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணைக்காரர் தன் சிறந்த கிடாக்களை விற்க மறுத்து, பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு விட்டார். கறிக்குப் போக வேண்டியதையும் தகப்பனாக வேண்டியதையும் பிரித்து வைத்த அந்த முடிவும் அவருடைய லெஸ்டர் ஆடு பெயர் பெற ஒரு காரணம்.

ஊரில் திட்டத்துக் கிடா ஒன்று இருந்தால் இந்தச் சரிவு நிற்கும். அதனால்தான் காதுவில்லை எண்ணும் எடைப் பதிவேடும் எந்தச் சில்லையும்விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சில்லு வேண்டாம் என்று சொல்லவில்லை. குட்டியின் தகப்பன் யார், எடை எவ்வளவு, எப்போது பிறந்தது என்ற மூன்றும் ஆயிரக்கணக்கில் ஒழுங்காக எழுதியிருந்தால்தான் சில்லு படித்துக் காட்டும் 50,000 எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டாகும். அப்போது பிறந்த அன்றே ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, எந்தக் குட்டியை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓரளவு மதிப்பிட முடியும். பால் மாடுகளில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

எடை பார்த்து முடித்த பிறகு அந்த அம்மா பதினொன்றரைக் குட்டியைத் தொட்டிலிலிருந்து இறக்கினார். அடுத்த வாரம் வியாபாரி வருவதாக அவர் மகன் சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. குட்டியின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினார், பின்னங்கால்களை விலக்கி விதை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ச் சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்துவந்து அதன் கழுத்தில் கட்டினார்.

“அவன் வந்தா மத்ததக் காட்டு” என்றார். “இது நிக்கட்டும்.”